எங்கள் கண்மாய்க்குள் ஒரு சர்வதேசப் போட்டி

"தம்பி, நீங்க அனுப்புன வீடியோ கண்ணாடியில பாக்குற மாதிரித் திரும்பியிருக்கு. நேரா இருக்கிறத அனுப்புங்க."

விளையாட்டு விடுதியின் பயிற்சியாளர் அம்மா போனில் இப்படிச் சொன்னபோது, காளவாசலில் நான் வேலை பார்க்கும் செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். யாருடைய போனோ என் முன்னால் பிரித்தபடி கிடந்தது. வீடியோ திரும்பவில்லை மேடம், பின்னால் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸில் எழுத்தெல்லாம் நேராகத்தானே தெரிகிறது, பாருங்கள் என்றேன். எதிர்முனையில் வீடியோ ஓடும் சத்தம் கேட்டது. திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"அப்ப ஏன் எல்லாரும் தப்பாச் சுத்துறாங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர்தான் பொறுமையாகச் சொன்னார். வட்டப் பாதையில் ஓடுகிறவர்கள் உலகம் முழுக்க இடது கையை உள்பக்கம் வைத்துத்தான் ஓடுவார்களாம். எங்கள் வீடியோவில் என் தங்கை உட்பட அத்தனை பேருக்கும் வலது கை உள்பக்கம் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே கடை வாசலுக்கு வந்துவிட்டேன். சிக்னலில் பஸ்களும் ஆட்டோக்களும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தன. எனக்கு மண்டைக்குள் ஒரு விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. தங்கை விடுதித் தேர்வில் ஏன் தோற்றாள் என்பது அந்த நிமிடம்தான் விளங்கியது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் போட்டியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே, டவுன் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் இருக்கிறது. சல்லிக்கட்டு நடக்காமல் போன ஒரு தை மாதத்தில், மாடுபிடிக்கென்று வாங்கிய பரிசுகளெல்லாம் என் தாய்மாமா வீட்டில் கிடந்தன. ஓர் அண்டா, ஒரு கட்டில், ஒரு வெள்ளாடு. அண்டாவும் கட்டிலும் பேசாமல் கிடந்தன. ஆடு கிடக்குமா? வேலியில் காய்ந்த சேலையைத் தின்றது, பக்கத்து வீட்டுக் கீரையைத் தின்றது. அத்தை தினமும் மாமாவோடு சண்டை போட்டாள். வைகாசியில் கண்மாய் வற்றியதும், மாட்டுக்குப் பதில் மனுசன் ஓடட்டும், ஜெயிக்கிறவன் ஆட்டை ஓட்டிப் போகட்டும் என்று மாமா அறிவித்துவிட்டார். மாமாவிடம் டிராக்டர் இருந்தது, மைக்கோடு ரேடியோ செட் இருந்தது. போட்டி நடத்த வேறென்ன வேண்டும்?

ஓடுவதற்கு இடம் பார்த்தார்கள். கண்மாய்க்குள் மேடு பள்ளமில்லாமல் இருப்பது மடைக்கு நேரே, கருப்பசாமி கல்லாக நிற்கும் இடத்தைச் சுற்றித்தான். மழைக்காலத்தில் கருப்பு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். கோடையில் சுற்றிலும் காய்ந்த தரை. அவரை நடுவில் வைத்துச் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. சாமியைச் சுற்றினால் வலமாகத்தான் சுற்றுவார்கள். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் தானாக வந்து சேர்ந்தது. ஓடுகிறவர்கள் கோட்டில் நின்று கருப்பைப் பார்த்துக் கும்பிடுவார்கள். விசில் ஊதியதும் ஒரே திருப்பாகத் திரும்பி ஓட்டம் பிடிப்பார்கள். வேறெங்கும் ஓட்டப் பந்தயம் இப்படித் தொடங்காது என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரி முடித்ததும், படித்தவன் பேசட்டும் என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு நாள் நான்தான் வர்ணனையாளன்.

அது எப்படிச் சர்வதேசப் போட்டி ஆனது என்றால், என் கடையால் ஆனது. போட்டியின் போஸ்டர் ஒன்றைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். உடைந்த போன் திரையை மாற்ற வந்த ஓர் உகாண்டாக்காரப் பெண் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மதுரையில் கல்லூரியில் படிக்கிறார், திருப்பரங்குன்றத்தில் தங்கியிருக்கிறார். போஸ்டரில் ஓடும் மனிதனுக்குப் பக்கத்தில் எதற்கு ஆடு என்று கேட்டார். என் இங்கிலீஷில் விளக்கினேன். ஊரில் தானும் ஓட்டக்காரிதான் என்றார். நான் சும்மா மரியாதைக்குத்தான் வாருங்கள் என்றேன். போட்டியன்று விடிகாலையில் முதல் பஸ்ஸிலிருந்து, கையில் ஷூவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அன்று நடந்ததை இன்றும் டீக்கடையில் யாராவது நடித்துக் காட்டுகிறார்கள். பெண்கள் ஓட்டத்துக்கு எல்லாரும் கருப்பைக் கும்பிட்டு நின்றார்கள். அவரும் பார்த்துக் கும்பிட்டார். விசில் ஊதியதும் எங்கள் பெண்கள் எல்லாரும் ஒரு பக்கம் திரும்பி ஓட, இவர் மட்டும் மறுபக்கம் திரும்பிப் பறந்தார். மைக்கில் நான் என்ன சொல்வது? கண்மாயின் அந்தக் கோடியில் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டன. முன்னால் ஓடிவந்த என் தங்கை, எதிரே அம்புட்டு வேகத்தில் ஒருத்தர் வருவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடியே கடந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இப்படியே சந்தித்தார்கள், ஒவ்வொரு தடவையும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் உகாண்டாதான் முதலில் வந்தது.

செல்லுமா செல்லாதா என்று பெரிய வழக்கு. மாமா எழுந்து, எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் ஒன்றுதானய்யா என்று தீர்ப்புச் சொன்னார். பூசாரி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தெரியாமல் செய்த பிள்ளை என்று அவருக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். மறு வருடப் போஸ்டரில் "சர்வதேச" என்ற சொல் தானாக ஏறிக்கொண்டது. அவரோடு படிக்கும் தான்சானியாப் பையன்கள் வந்தார்கள். மலேசியாவிலிருந்து சொந்தக்காரரைப் பார்க்க வந்த ஒருவர் ஓடினார். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மாப்பிள்ளை, தன்னைச் சிங்கப்பூர் கணக்கில் சேர்க்கச் சொல்லி என்னோடு மல்லுக்கு நின்றார்.

பரிசு ஆட்டை உகாண்டா அக்கா எங்கே கட்டுவார்? விடுதியில் ஆடு வளர்க்க விடுவார்களா? கயிற்றை என் தங்கை கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். மறு வருடம் எங்களைப் போலவே வலமாக ஓடி மறுபடி ஜெயித்தார், மறுபடி கயிறு தங்கை கைக்கு வந்தது. அப்பாவின் ஆடுகளோடு அந்த இரண்டும் மேய்ந்தன. அதில் ஒன்று, நாங்கள் கருப்பி என்று கூப்பிடுவது, குட்டி போட்டபோது அம்மா ஊரெல்லாம் சொன்னாள், வெளிநாட்டு ஆடு ஈன்றிருக்கிறது என்று. ஆட்டைப் பார்க்கும் சாக்கில் அந்த அக்கா அடிக்கடி வீட்டுக்கு வந்தார். "அம்மா, வாரேன்" என்று வாசலில் நின்றே குரல் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

இப்போது தங்கையின் கதைக்கு வருகிறேன். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை. மதுரை மைதானத்தில் தேர்வு நடந்த அன்று நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். எங்கள் கண்மாயில் காற்றாய் ஓடுகிறவள், அந்தச் சிவப்புத் தளத்தில் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே போனாள். கடைசி ஆளாக வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தரை என்னைய வெளிய தள்ளுதுண்ணே" என்றாள். பயம் என்று நினைத்தேன். ஷூ சரியில்லை என்று நினைத்தேன். மனசு கேட்காமல், அவள் எங்கள் போட்டியில் ஓடிய பழைய வீடியோவைப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன்.

அதற்குத்தான் அவர் கூப்பிட்டார். சிறுவயதிலிருந்து வலமாகவே ஓடிய உடம்பு, அதனால் வளைவில் சாயத் தெரியவில்லை என்றார். பிறகு என் வாழ்நாளில் மறக்க முடியாததைச் சொன்னார். தேர்வான பெண்களில் ஒருத்தி வரவில்லை, ஓர் இடம் காலியாக இருக்கிறது. எங்கள் போட்டிக்குத் தானே வருவதாகவும், அளந்த பாதையில், சரியான பக்கமாக, ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஐந்து நிமிடத்துக்குள் தங்கை ஓடிவிட்டால் அந்த இடத்துக்கு அவள் பெயரை எழுதுவதாகவும் சொன்னார்.

"வலமா ஓடுனா எம்புட்டு வேகமா ஓடுனாலும் நான் எழுத முடியாது தம்பி. நீங்கதான் பாத்துக்கணும்."

அன்று சாயங்காலமே கருப்பு முன்னால் போட்டிக் கமிட்டி கூடியது. விசயத்தைச் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. மருமகளுக்காக மாமாவுக்கு மனசு துடித்தது. ஆனாலும் அவரே கேட்டார், "சாமிய நடுவுல வச்சுக்கிட்டு ஊரே இடமாச் சுத்துனா என்னய்யா அர்த்தம்? கருப்பத் தூக்கி வெளிய வைக்கவா முடியும்?"

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கையைக் கூப்பிட்டு, நீ ஓடிக் காட்டு என்றார். அவள் புதுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் ஓடினாள். திரும்ப ஓடிவரச் சொன்னார். மண்ணில் ஒரு குச்சியை வைத்து என்னென்னவோ கீறினார். பிறகு எழுந்து துண்டை உதறினார்.

"அவன் நகர மாட்டான். உங்க கோட்ட நகத்துங்க. வட்டத்துக்கு வெளிய, ஓடுற பிள்ளைகளுக்கு வலக்கைப் பக்கமா அவன் நின்னாப் போதும். அம்புட்டுத்தான்."

நான் மனதுக்குள் ஓடிப் பார்த்தேன். இடது கை வட்டத்துக்குள். வலது கைப் பக்கம், வெளியே, கருப்பு. பயிற்சியாளர் சொன்னதும் சரியாக இருந்தது, சாமிக்கும் சரியாக இருந்தது. மாமாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து நேரே டிராக்டரிடம் போனார்.

வட்டத்தைக் கிழக்கே நகர்த்துவதென்றால் கண்மாயின் ஆழமான பக்கம் போக வேண்டும். கடைசித் தண்ணீர் வற்றும் இடம் அது, மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே களிமண். முதல் நாளே டிராக்டரில் கட்டிய உருளை புதைந்தது. சரளை அடித்தோம், மேலே செம்மண் போட்டோம். ஊரில் வேலைவெட்டி இல்லாதவன் என்று ஒருத்தனும் மிச்சமில்லை. நான் கடை முடிந்து வரும்போது அப்பாகூட மண்வெட்டியோடு நிற்பார். அவர் ஆட்டைத் தவிர எதற்கும் கண்மாய்க்குள் இறங்காதவர்.

அளக்கிற நாடா ஒன்றை இரவல் வாங்கிவந்து புதுப் பாதையைச் சரியாக நானூறு மீட்டர் அளந்தோம். ஆசைக்குப் பழைய வட்டத்தையும் அளந்து பார்த்தோம். அது நானூறைத் தாண்டி நன்றாகவே நீண்டிருந்தது. மாமா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அடப்பாவிகளா, இம்புட்டு வருசமா நம்ம பயலுக பூராம் கூடுதலாவா ஓடிருக்கானுக?"

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பயலுகள் மட்டுமா? தங்கையும்தான் கூடுதலாக ஓடியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உகாண்டா அக்கா வந்தார். திருப்பரங்குன்றத்தில் அவர் காலையில் மலையைச் சுற்றி ஓடும்போது, எதிரே வலம் வருகிறவர்கள் எல்லாரும் கையைக் காட்டி என்னவோ சொல்வார்களாம். இப்போதுதான் காரணம் தெரிந்தது என்று சிரித்தார். இந்த வருடமும் தானே ஜெயிப்பேன், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று தங்கையிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம்தான் சொல்லிக்கொடுத்தார். வளைவில் தோளை எப்படி இறக்குவது, வலது கையை எப்படி வீசுவது என்று இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஓடிக்கொண்டே இருந்தார்கள். முதல் ஞாயிறு தங்கை வளைவுக்கு வளைவு கோட்டைத் தாண்டிப் போனாள். அடுத்த ஞாயிறு கொஞ்சம் குறைந்தது. தண்ணீர்க் குடம் எடுத்து வரும்போதுகூடத் தெருமுனையில் இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து திரும்புகிறாள் என்று அம்மா புலம்பினாள்.

போட்டியன்று வெயில் ஏறும் முன்பே கரை நிறைந்துவிட்டது. பயிற்சியாளர் அம்மா தொப்பியும் கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சுமாக வந்து இறங்கினார். பாதையை ஒரு சுற்று நடந்து பார்த்தார். கருப்பு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதிலேயே ஊர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம் முடிவுக் கோட்டில் தொடங்காது, முதலில் முக்கால் சுற்று, அப்புறம் மூன்று முழுச் சுற்று வரும்படி கருப்புக்கு எதிர்ப்பக்கத்தில்தான் தொடங்கும். பெண்கள் அங்கே போய் வழக்கப்படி, வட்டத்துக்குக் குறுக்கே கருப்பைப் பார்த்துக் கும்பிட்டு நின்றார்கள். இங்கிருந்து மைக்கில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினேன். விசில் ஊதியது. பழகிய கால்கள் பழகிய பக்கமே திரும்பின. எங்கள் பெண்கள் கூட்டமாகப் பழைய திசையில் ஓட, இரண்டு பேர் மட்டும் மறுபக்கம் திரும்பி ஓடினார்கள். ஒன்று உகாண்டா. இன்னொன்று என் தங்கை.

திரும்பக் கூப்பிட்டு விசில் ஊதினார்கள். கரையே சிரித்தது. நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கண் அந்த இரண்டு பேர் மேலேயே இருந்தது. கும்பிட்டு முடித்ததும் எல்லாரையும் ஓடும் பக்கம் பார்த்து நிற்கச் சொல்லி மறுபடி விட்டார்கள்.

இந்தத் தடவை சரியாகக் கிளம்பியது. அக்கா முதலிலிருந்தே வேகம் எடுத்தார். தங்கை அவர் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் வளைவு வந்தது. அவள் தோள் இறங்கியது, கால் கோட்டை ஒட்டியே போனது. கருப்பைக் கடக்கும்போது இரண்டு பேருமே வலது கையை நெஞ்சில் தொட்டுக்கொண்டு ஓடினார்கள். கிழக்கே சரளை போட்ட இடம் வந்ததும், தரை லேசாக அமுங்கியதில் அக்கா சற்று வெளியே விலகி ஓடினார். ஆடு மேய்த்து அந்தக் களியில் வளர்ந்த தங்கைக்கு அது ஒன்றும் புதிதில்லை. உள்பக்கமே நேராகப் போனாள். ஒவ்வொரு சுற்றிலும் வளைவில் விட்டதை அங்கே பிடித்தாள்.

நான் மைக்கில் என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. நடுநிலையாகப் பேச வேண்டியவன், பேசவில்லை என்பது மட்டும் தெரியும். கடைசிச் சுற்று மணி அடித்தது. செட்டில் வெறும் மூச்சுதான் கேட்டிருக்கும். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை, சொன்னபடியே இழுத்துக்கொண்டு ஓடினார். தங்கை அந்த இழுப்பிலேயே ஒட்டிக்கொண்டு ஓடினாள். கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கடைசி நேர்ப்பாதையில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது. உகாண்டா முதலில் கோட்டைத் தாண்டியது. தங்கை இரண்டாவதாகத் தாண்டி, அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சியாளர் வாட்ச்சைப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். பிறகு என் பக்கம் நடந்துவந்து அதை என் முகத்துக்கு நேராக நீட்டினார். முதல் எண் நாலு.

"மைக்குல நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார்.

மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். மாமா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "நாலுய்யா. அஞ்சு இல்ல, நாலு. என் மருமக விடுதிக்குப் போறா" என்று அவர் சொன்னது பக்கத்து ஊர்க் கண்மாய் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அம்மா அழுதுகொண்டே கருப்பு முன்னால் விழுந்து கிடந்தாள். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்து, முதலில் உகாண்டா அக்காவுக்கு, அப்புறம் தங்கைக்கு, அப்புறம் தொப்பியைக் கழற்றச் சொல்லிப் பயிற்சியாளருக்கும் பூசினார்.

பரிசு ஆட்டை மாமா கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். அவர் வழக்கம்போலக் கயிற்றைத் தங்கையிடம் நீட்டினார். தங்கை கை நீட்டப் போனவள் நின்றாள். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அப்பா கேட்டார்.

"அப்ப இனிமே இந்த வெளிநாட்டு ஆட்டயெல்லாம் யாரு பாக்குறது?"

தங்கை கயிற்றை வாங்கி என் கையில் சுற்றிவிட்டாள். "அண்ணந்தான்" என்றாள். "அண்ணே, காலையில தண்ணி காட்டிட்டுக் கடைக்குப் போ. கருப்பியோட குட்டிக்கு மட்டும் தழை தனியாப் போடணும், மத்தது பிடுங்கித் தின்னுரும்."

இதை எழுதும்போதும் அவை வாசலில் கத்திக்கொண்டிருக்கின்றன. காளவாசல் போகும் முதல் பஸ் திரும்புவதற்குள் தழை போட்டாக வேண்டும்.